தரங்கை ஜான் ஐயரும் அவர்தம் மீன்களும்

தரங்கம்பாடி மிஷனின் வரலாறு கற்றோர் சீகன்பால்கு ஐயரை அடுத்தும் சுவார்ட்சு ஐயரை அடுத்தும் நன்கறிந்த பெயர்களுள் ஒன்று கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் ஐயர் என்பது. இலவசப் பள்ளிக்கூடங்களை நாட்டுப்புறங்களில் நிறுவியவர் என்று அவரைப் பலரும் அறிவர். தமிழ் பயில்வோர் சிலர் அவரை ஔவையாரை மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தவராகவும் அறிவர். ஆயினும், காவிரிக் கழிமுகத்து ஆற்றிலும் குளத்திலும் கடலிலும் வாழும் மீன்களின் வரலாற்றில் அவர் பெயர் அழியாது பொறிக்கப்பட்டிருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அப்பகுதியைச் சிறிது விரித்துரைத்தலே இங்கு எம் கருத்து.

ஐயர் 1747ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில், கிரைட்ஸ் நகரை அடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்தார். ஹாலே நகரிற் பயின்றார். 1771ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு நிரம்பவில்லை. இறங்கிய ஊரை விட்டுத் தாய்நாடு திரும்பாமல், நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார். தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்க்கு உரியது. தெற்கே சுமார் 9 மைல் தூரத்தில் எம் காரைக்கால். அது 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, போர்தோறும் ஆங்கிலேயர் கைக்கு மாறுவதும் மீள்வதுமாய் இருந்தது. நண்டலாறு இரண்டு இராச்சியங்களுக்கு எல்லையாயிற்று. மீன்களுக்கோ அவ்வெல்லை இல்லை. பட்டினவர்களின் கட்டுமரங்களுக்கும் பெரிதாக இருந்திராது என்றே கருதுகிறோம்.

அக்காலத்துத் தரங்கை, சமயத் தொண்டர் ஊராக மட்டும் இருந்திலது. இயற்கை நூல் வல்லார் கூடிய ஊராகவும் விளங்கிற்று. ஐயர் வருமுன்பே, 1768இல், லின்னேயஸ் என்னும் பேரறிஞரின் மாணாக்கராகிய யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பார் அங்கு மருத்துவராக வந்து சேர்ந்திருந்தார். 1776இல் ரொட்லர் ஐயர் வந்தார். பின்னாளில் தமிழகராதி தொகுத்த அவரேதான். தரங்கையிலே பிறந்த யோஹான் கொட்பிரீட் கிளைன் என்னும் மருத்துவர் பிற்பாடு இக்கூட்டத்திற் சேர்ந்தார். இவர்கள் ஊழியத்தில் உடனுழைப்போர், ஓய்வில் நண்பர். செடியைக் கண்டால் ஒருவர் மற்றொருவர்க்குக் காட்டுவர். பெயர் தெரியாவிடின் ஐரோப்பாவிற்கு அனுப்புவர். ரொட்லர் ஐயர் தரங்கையிலிருந்து சென்னை சென்று மீண்ட பயணத்தில் திரட்டிய செடிகளைப் பற்றிய குறிப்பு, 1803இல் பெர்லினிலிருந்த வில்டனோ என்னும் அறிஞரின் உரையோடு வெளிவந்தது. ஏனையோர் மனம் பெரும்பாலும் செடிகளிற் சென்றது. ஜான் ஐயரின் மனமோ சிப்பி, பாம்பு, மீன் என்று எவற்றிலும் சென்றது. அவற்றுள்ளும் மீனுக்கே அவர் பெயர் நிலைத்தது.

அதற்குக் காரணர் பெர்லினில் வாழ்ந்த மார்க்கஸ் எலீசர் பிளாக் என்னும் யூத மருத்துவர். இவர் பத்தொன்பது வயதளவும் ஜெர்மன் மொழியையோ இலத்தீனையோ படிக்க அறியாதிருந்தவர் என்பர். அவ்வயதினராகிய எமக்கு அது பெரும் ஆறுதல். பின்னர்க் கற்று, மருத்துவராகி, ஐம்பது வயதிற்குமேல் மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கி, 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பகுதிகளாக, 432 வண்ணப் படங்களோடு ஒரு பெருநூல் வெளியிட்டார். தம் நாட்டு மீன்களை முடித்தபின் அயல்நாட்டு மீன்கள் வேண்டியிருந்தன. அவரோ இந்தியா வந்தவரல்லர். தரங்கையில் ஒரு கண்ணும் ஒரு கையும் அவருக்குத் தேவைப்பட்டன. அவை ஜான் ஐயருடையவாயின. இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளேனும் நேரிற் கண்டிலர். மடலும் மீனும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல திங்கள் கப்பலிற் சென்று சேர்ந்தன.

மீன்களைச் சாராய வகையில் ஊறவைத்தே அந்நாளில் நெடுந்தூரம் அனுப்புவர். சாராயத்தில் மீனின் வடிவம் கெடாது; நிறமோ போய்விடும். செக்கச் சிவந்த மீனும் பொன்னிறப் பொடிமீனும் பெர்லின் சேரும்போது ஒரே வெளிறலாகிவிடும். ஆதலின் மீன் மட்டும் போதாது. அது உயிரோடிருக்கையில் என்ன நிறம், எங்கே வாழும், எக்காலத்து அகப்படும், ஊரார் என்ன பெயரிட்டழைப்பர் என்னும் செய்திகளும் வேண்டும். மீனைப் பிடிப்போரும் தின்போரும் அறிந்த அறிவு அது. ஐயரிடமிருந்து பிளாக்குக்குச் சென்ற குறிப்புகளில் தமிழ்ப் பெயர்கள் இருந்தமையால், கடற்கரையிற் பட்டினவரிடமும் குளக்கரையிற் செம்படவரிடமும் அவர் கேட்டறிந்தார் என்பது தெளிவு. நன்கு தமிழ் கற்றவராதலின் அவர்க்கு அஃது எளிதாயிற்று.

அம்மீன்களின் பட்டியலைப் பார்ப்போர்க்குக் கழிமுக நாட்டின் ஓராண்டு வாழ்வே கண்முன் வரும். பிளாக் 1794இல் பெயரிட்ட ஒரு மீன் எம்மூரார் தேளி என்பது. அதற்கு அவர் தந்த இலத்தீன் அடைமொழிக்குத் தோண்டி எடுக்கப்பட்டது என்பது பொருள். அம்மொழி எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதைப் பங்குனி சித்திரையில் எம் பக்கத்து வற்றிய குளத்தைக் கண்டோர் அறிவர். நீர் வற்றச் சேறு மட்டும் எஞ்சும். ஊரார் ஊத்தாவும் கூடையுமாக இறங்குவர். விராலும் குறவையும் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும். தேளி மட்டும் அடியிற் பதுங்கிக் கிடந்து, கை வைப்பார்க்குத் தன் முள்ளினால் பெயர்க்காரணம் விளக்கும். இவை நீரில் காற்றுக் குறைந்தவிடத்து மேலே வந்து வெளிக்காற்றை உட்கொள்ள வல்லவை. அதனாலேயே வற்றுங் குளத்தில் உயிர் தாங்குகின்றன.

விராலையும் குறவையையும் பிளாக் 1793இல் விவரித்தார். தலை பாம்பின் தலையை ஒத்தலின் பாம்புத்தலை எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை அவற்றின் குலத்திற்கிட்டார். ஐயர் அனுப்பிய தமிழ்ப் பெயர்களையும் விடாது குறித்தார். சில ஆண்டுகள் கழித்து, 1801இல், பிரெஞ்சு அறிஞர் லசெப்பேட் அவ்விரு தமிழ்ச் சொற்களையே எடுத்து, விரால் என்பதையும் குறவை என்பதையும் தம் செவிக்கெட்டியவாறு எழுதி, இலத்தீன் இனப்பெயர்களாகவே ஆக்கிவிட்டார். முந்தியிட்ட பெயரே நிற்கும் என்னும் விதியால் லசெப்பேட்டின் பெயர்கள் வழக்கொழிந்தன. எனினும் மீன்நூற் பட்டியல்களில் இன்றும் அவற்றைக் காணலாம். விரால் என்ற சொல் பாரிஸ் நகரத்து அச்சில் ஏறிய வரலாறு இது. தமிழ்ச் சொற்கள் பிறமொழிகளிற் புகுந்தன என்று சொல்ல வருவோர் அரிசியையும் இஞ்சியையும் கட்டுமரத்தையுமே ஓயாது எடுத்துக்காட்டுவர். இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐயரின் பெயரையே தாங்கிய மீன்களுக்கு வருவோம். 1792இல் பிளாக், விலாப்புறத்தில் ஒரு கரும்புள்ளி உடைய கடல்மீன் ஒன்றுக்கு ஜானின் பெயரை அடைமொழியாக்கினார். அடுத்த ஆண்டில் இன்னும் ஒருபடி மேற்சென்று, ஒரு முழுக் குலத்திற்கே ஜோனியஸ் எனப் பெயரிட்டார். அக்குலம் நாம் நாடோறும் காணும் கத்தாளையின் குலம். அதன் முதல் இனத்தின் பெயர் ஜோனியஸ் கருட்டா. கருட்டா என்பது வேறொன்றன்று, கறுத்த கத்தாளையில் உள்ள கறுத்த என்னும் தமிழ்ப் பெயரெச்சமே. முன்னே ஐயரின் பெயர், பின்னே ஊரார் வழக்கு. இரண்டும் இலத்தீன் உடை உடுத்து நிற்கின்றன. பாம்பு நூலாராகிய ரஸ்ஸல் என்பாரும் 1801இல் மண்ணுளிப் பாம்புக்கு ஐயர் பெயரை இட்டார். இருதலை மணியன் என்று எம்மூர்ச் சிறுவர் கூறி விளையாடும் சாதுவான பாம்பு அது.

காரைக்காலில் அரசலாறு கடலொடு கலக்கும் முகத்தில் விடுமுறை நாட்களில் தூண்டிலிடுவோர் உளர். இவர்கள் தொழிலால் மீனவரல்லர். அலுவலகத் தோழரும் கல்லூரி நண்பரும் நால்வர் ஐவராய்க் கூடி, இறாலை முள்ளிற் கோத்து, மாலைவரை காத்திருப்போர். யாமும் அவ்வாறு போனதுண்டு. வெயில் தாழ்ந்து நீரேற்றம் தொடங்கும் வேளையிற் கத்தாளை கொத்தும். கரைக்கு வந்ததும் அது வயிற்றுக்குள்ளிருந்து கறகறவென்று ஓசை செய்யும். உள்ளிருக்கும் காற்றுப்பையைத் தசைகள் அதிர்விக்கப் பிறக்கும் ஒலி அது. கத்துதலால் கத்தாளை ஆயிற்றோ என ஓர் ஐயம் எமக்கு உண்டு. சொல்லாராய்ச்சி வல்லார் தீர்த்தருள்க. தலையைப் பிளந்தால் வெண்கல் போன்ற இரு செவிக்கற்கள் காணப்படும். பிடித்த மீனை எடைபோட்டு ஒருவரையொருவர் பரிகசிக்கும் அக்கூட்டத்தில், ஒன்பது மைல் வடக்கே வாழ்ந்த ஒரு பாதிரியாரின் பெயர் அம்மீனுக்குண்டு என்று சொன்னால் நம்புவோர் அரியர். யாம் சொன்னபோது நகைத்தனர்.

இவற்றினும் வியப்புக்குரிய செய்தி பனையேறிக் கெண்டையைப் பற்றியது. தரங்கையில் டேனிஷ் பணியிலிருந்த டால்டார்ப் என்னும் படைத்தலைவர், 1791 நவம்பரில், குளக்கரையிலிருந்த பனை ஒன்றின் பட்டை வெடிப்பில் நீர்மட்டத்திற்கு 5 அடி உயரத்தில் ஒரு மீனைத் தாம் பிடித்ததாகவும், அது செவுள்மூடியின் முட்களை ஊன்றி மேலேறிக்கொண்டிருந்ததாகவும் எழுதினார். 1797இல் அது லண்டனில் அச்சேறிற்று. ஜான் ஐயரும் அம்மீன் மரமேறும் என்ற செய்தியைத் தமிழ்ப் பெயரோடு தெரிவித்தார். பனையேறி என்ற பெயரே சான்றன்றோ என்று அவர் கருதியிருக்கலாம். ஐரோப்பிய அறிஞர் பலர் ஐயுற்றனர். அம்மீன் ஈரத் தரையில் செவுள்மூடியை ஊன்றி நெடுந்தூரம் ஊர்ந்து செல்லும் என்பதிலும், தலையினுள்ளே வெளிக்காற்றை மூச்சாக்கும் ஓர் உறுப்புண்டு என்பதிலும், நீர்மேல் வரவொட்டாது தடுத்தால் நீரிலேயே மூச்சுமுட்டி இறக்கும் என்பதிலும் இன்று ஐயமில்லை. மரத்தில் அகப்பட்டவற்றைக் காக்கையோ பருந்தோ கொண்டுபோய் இட்டிருக்கும் என்பது 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தோர் கருத்து. எங்ஙனமாயினும், தம் கண்ணாற் காணாத அறிஞர் மறுப்பர் என்று அஞ்சி, ஊரார் சொல்லை ஐயர் மறைத்திலர். அது பெரிது.

இனி, அவர்மேற் சுமத்தப்பட்ட குறையையும் கூறவேண்டும். ஐயர் காலத்தில் தரங்கை மிஷன் தளர்ந்தது. ஐரோப்பாவில் பக்தியின் வேகம் தணிந்து தொண்டர் வருகை அருகிற்று. ஆன்மாக்களைத் திரட்ட வந்தோர் செடியும் சிப்பியும் மீனும் திரட்டுவதிற் காலம் போக்கினர் எனப் பிற்கால மிஷன் வரலாற்றாசிரியர் சிலர் குறைகூறினர். இவ்வழக்கை எளிதிற் புறந்தள்ளலாகாது. ஒரு மனிதர்க்கு நாள் ஒன்றுக்கு நாழிகை அறுபதே. ஆயினும் மீனின் பெயரைக் கேட்கக் கடற்கரைக்குப் போனவர், அங்கே ஆசிரியராக அன்றி மாணாக்கராகச் சென்றார் என்பதை எண்ணவேண்டும். அந்நாள் ஐரோப்பியருள் அவ்வாறு சென்றோர் எத்துணையர்? எமக்குள்ள மனக்குறை வேறு. அம்மீன்களைப் பிடித்துத் தந்து, பெயரும் இயல்பும் கூறிய பட்டினவர் ஒருவர் பெயரேனும் அம்மீன்களின் பெயர்களுள் இடம்பெறவில்லை. ஐயர் பெயர் ஒரு குலத்திற்கு வாய்த்தது. அவர்க்குக் கற்பித்தவர்க்கு ஒரு மீனும் வாய்த்திலது. அவர் வாய்மொழி மட்டும் நின்றது.

கேட்டறியும் அவ்வியல்பே ஐயரின் ஏனைப் பணிகளிலும் காணப்படுகிறது. கல்கத்தாவில் வெளிவந்த ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் ஏழாந் தொகுதியில் ஔவையாரின் வரலாற்றையும், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கல்வியொழுக்கம் ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் வெளியிட்டார். அக்காலத்தில் வடமொழி நூல்களையே ஐரோப்பியர் பெரிதும் தேடினர். திண்ணைப் பள்ளிச் சிறுவன் முதற்கண் மனனஞ் செய்யும் நூலை எடுத்து இதுவும் கற்கத்தக்கது என்று காட்டியவர் ஐயர். 1808இல் ஆங்கிலேயர் தரங்கையைக் கைப்பற்றியபின் டென்மார்க்கோடு தொடர்பு அறுபட்டது. அறுபது வயது கடந்த அவர் அத்துன்ப நாளிலேதான் சுற்றூர்களில் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். தமிழ்ப் பள்ளி பதினைந்தும் ஆங்கிலப் பள்ளி ஐந்தும் நடந்த இரண்டாண்டு அனுபவத்தை அவர் எழுதிய நூல் 1813இல் லண்டனில் அச்சாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் ஐயர் தரங்கம்பாடியில் இறந்தார்.

அடுத்த ஆண்டில் சர்ச் மிஷனரி சங்கத்தின் முதல் தொண்டர்களாக இந்தியா வந்த ரேனியுஸ் ஐயரும் ஷ்னாரே ஐயரும் தரங்கைக்கு வந்தனர். ஷ்னாரே ஐயர் பின்னர் அப்பள்ளிகளை ஏற்றுக்கொண்டார். ரேனியுஸ் ஐயர் சென்னைக்கும் பின்னர்த் திருநெல்வேலிக்கும் சென்றார். பிளாக் 1799லேயே இறந்துபோனார். அவர் திரட்டிய மீன்கள் பெர்லின் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையிற் சேர்ந்தன. தரங்கைக் கடலிலும் குளத்திலும் பிடிபட்டவை சில, நிறமிழந்து, கண்ணாடிக் குடுவைகளில் இன்றும் அங்கே இருக்கின்றன.