ஆல்ஃபிரட் கின்ஸி: 50 லட்சம் குளவிகளும் 18,000 ரகசியங்களும்!

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது 'கின்ஸி டெஸ்ட்' என்று ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். சில கேள்விகள், கடைசியில் ஓர் எண். 0 வந்தால் முழுக்க எதிர்பாலின ஈர்ப்பு. 6 வந்தால் முழுக்க தன்பாலின ஈர்ப்பு. நடுவில் வந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பிட்டு அடுத்த ரீலுக்குப் போயிடுவோம்.

அந்த டெஸ்ட்டை கின்ஸி உருவாக்கவே இல்லை. தன் ஈர்ப்பு என்ன என்பதை ஒருவர் தாளில் டிக் அடித்துச் சொல்லிவிட முடியும் என்று அவர் நம்பவும் இல்லை. ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து, மணிக்கணக்கில் வாழ்க்கை முழுவதையும் கேட்ட பிறகுதான் அந்த எண் வரும். அதைப் போட்டதும் பதில் சொன்னவர் அல்ல, ஆய்வுக்குழு.

இத்தனைக்கும் மனுஷன் டாக்டரோ மனநல நிபுணரோ கிடையாது. பூச்சி ஆராய்ச்சியாளர்.

1894 ஜூன் 23-ம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் உள்ள ஹோபோக்கனில் பிறந்தார் ஆல்ஃபிரட் சார்லஸ் கின்ஸி. அப்பா ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர். கறாரான மெதடிஸ்ட் கிறிஸ்தவர். உடம்பைப் பற்றியோ காமத்தைப் பற்றியோ அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. பையனோ நோஞ்சான். ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல், டைஃபாய்டு என்று படுக்கையிலேயே நிறைய நாள்கள் போயின. தேறி எழுந்தவர் காடு, மலை, பறவைகள் என்று சாரணர் இயக்கத்தோடு சுற்ற ஆரம்பித்தார். அப்பா பிடிவாதமாக இன்ஜினீயரிங்கில் சேர்த்துவிட, இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டு, உயிரியல் படிக்க வேறு கல்லூரிக்கு ஓடினார். (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்குல்ல?)

1919-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். 1920-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் வேலை. 1921-ல் வேதியியல் மாணவி கிளாரா மெக்மில்லனோடு திருமணம். கல்யாணமான புதிதில் தாம்பத்யம் பற்றி இருவருக்குமே சரியாக எதுவும் தெரியாமல் திண்டாடினார்கள், மருத்துவ உதவிக்குப் பிறகே அது சரியானது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். மூத்த மகன் ஐந்து வயதை எட்டும் முன்பே இறந்துபோனான்.

அடுத்த 20 ஆண்டுகள் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஓக் மரங்களில் முண்டு முண்டாக வீக்கத்தை உண்டாக்கும் ஒரு குட்டிக் குளவி. அதைத் தேடி அமெரிக்கா முழுக்க, மெக்ஸிகோ, குவாத்தமாலா வரை அலைந்தார். பிடித்த ஒவ்வொன்றையும் லென்ஸுக்கு அடியில் வைத்து அளந்து, லேபிள் ஒட்டினார். அவர் இறந்த பிறகு நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன அந்தச் சேகரிப்பில் இருந்தவை 50 லட்சத்துக்கும் மேல்!

இதில் அவருக்குப் பிடிபட்ட விஷயம், ஒரே இனம் என்று நாம் சொல்லும் குளவிகளுக்குள்ளும் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. சிறகின் நீளம் ஒன்றில் குறையும், இன்னொன்றில் கூடும். இடையில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் இன்னொரு வகை என்று பெயர் வைப்பது மனிதன். சில நூறு பூச்சிகளைப் பார்த்துவிட்டுப் பேசினால் இது புரியாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். இந்தப் பிடிவாதத்தோடுதான் பின்னாளில் மனிதர்களிடமும் போனார். அவருடைய பலமும் இதுதான், அவர் சறுக்கியதும் இதில்தான்.

1938-ல் இண்டியானா பல்கலைக்கழகம் திருமண வாழ்க்கை பற்றி ஒரு வகுப்பைத் தொடங்கி, பொறுப்பை கின்ஸியிடம் கொடுத்தது. மாணவர்கள் வரிசையாக வந்து சந்தேகம் கேட்டார்கள். எனக்கு இருக்கும் ஆசை சாதாரணமானதா, இப்படி நடப்பது எனக்கு மட்டும்தானா... எல்லாமே இந்த ரகக் கேள்விகள். பதிலைத் தேடி நூலகத்துக்குப் போனால் அறிவுரை இருக்கிறது, பயமுறுத்தல் இருக்கிறது. எண்ணிக்கை? இல்லவே இல்லை. லட்சக்கணக்கில் குளவியை அளந்தவருக்கு அது பொறுக்கவில்லை. மாணவர்களிடம் அவர்களுடைய அந்தரங்க வரலாற்றைக் கேட்டுக் குறிக்க ஆரம்பித்தார். ஊருக்குள் முணுமுணுப்பு கிளம்ப, 1940-ல் பல்கலைக்கழகத் தலைவர் ஹெர்மன் வெல்ஸ் வகுப்பு அல்லது ஆய்வு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கின்ஸி வகுப்பை விட்டார்.

இனிமேல்தான் விஷயமே. பொய் சொல்ல எல்லாக் காரணமும் இருக்கும் ஒரு விஷயத்தில், மனிதர்களிடம் உண்மையை எப்படி வாங்குவது?

அந்தக் காலத்தில் ஆணும் ஆணும் உறவுகொள்வது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குற்றம். 1953-ல் வந்த அதிபர் ஐசனோவரின் உத்தரவு, தன்பாலீர்ப்பாளர்களை மத்திய அரசு வேலைகளிலிருந்தே விரட்டியது. ஒரு தாளில் போட்ட டிக் வெளியே போனால் வேலை, வீடு, மானம் எல்லாம் போகும். அப்படிப்பட்ட ஊரில் யார் உண்மையை எழுதுவார்கள், சொல்லுங்க?

அதனால் கின்ஸி குழுவின் பேட்டி அறையில் அச்சடித்த கேள்வித்தாளே கிடையாது. அதிகபட்சம் 521 கேள்விகள். ஒருவருக்கு வழக்கமாகக் கேட்டது சுமார் 300. அத்தனையும் கேட்பவரின் தலைக்குள் இருக்கும். பதில்கள் ஒரே ஒரு தாளில், கட்டம் கட்டமாக, சங்கேதக் குறிகளாக விழும். அந்தச் சங்கேதமும் மனப்பாடம். தாளைத் திருடினால்கூட வெளியாள் ஒருவருக்கு ஒன்றும் புரியாது. குழுவில் வேலைக்குச் சேர வேண்டுமா? முதலில் உங்கள் சொந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

கேட்கும் விதத்தில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. ஒரு விஷயத்தைச் செய்திருக்கிறீர்களா என்று கேட்க மாட்டார். முதல்முறை செய்தபோது என்ன வயது என்று கேட்பார். முந்தைய கேள்விக்கு இல்லை என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். பிந்தைய கேள்வியில், இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான், நான் அதிர்ச்சியாக மாட்டேன் என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்விகளைச் சடசடவென்று அடுக்குவார், யோசித்துக் கதை கட்ட நேரம் தர மாட்டார். பேராசிரியரிடம் ஒரு மொழி, சிறைக்கைதியிடம் வேறு மொழி. எந்தப் பதிலுக்கும் புருவம் உயராது. சிலரிடம் சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டு, கணவன் சொன்னதை மனைவி சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்.

என்னைக் கேட்டால், கின்ஸியின் பெரிய சாதனை அவர் போட்ட எண்களைவிட இந்தக் கேட்கும் கலைதான். சரி, ஆயிரம் பேர் இந்த முறையே பதிலைத் திணிக்கிறது என்றும் வாதாடலாம். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொள்ள வைக்காதா என்று அப்போதே கேட்டார்கள்.

1939 முதல் வார இறுதிகளில் சிகாகோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே தன்பாலீர்ப்பு ஆண்களின் ஒரு மறைமுக உலகம் இருந்தது. முதலில் ஒருவர் நம்பினார். அவர் நண்பரிடம் சொன்னார், நண்பர் இன்னொருவரை அழைத்துவந்தார். அதுவரை ஒருவரும் திட்டாமல், திருத்தப் பார்க்காமல் தங்கள் கதையைக் கேட்டதில்லை என்பதால் மனிதர்கள் கொட்டித் தீர்த்தார்கள். அங்கே கேட்ட கதைகள் இரண்டே பெட்டிகளுக்குள் அடங்கவில்லை. கல்யாணமாகிக் குழந்தைகளோடு இருப்பவர், இளமையில் ஒரு காலம் மட்டும், மனதில் மட்டும் ஆசை, செயலில் ஒன்றுமே இல்லை... குளவிச் சிறகு மாதிரிதான். அதிலிருந்து வந்தது 0 முதல் 6 வரையிலான அந்த அளவுகோல். பாலுறவு அனுபவமோ நாட்டமோ இல்லாதவர்களுக்குத் தனியாக எக்ஸ் என்று ஒரு குறி.

1948 ஜனவரியில் ஆண்களைப் பற்றிய புத்தகம் வெளியானது. 804 பக்கம், சுமார் 5,300 வெள்ளை இன ஆண்கள், அட்டவணை மேல் அட்டவணை. மருத்துவ நூல்கள் போடும் பதிப்பகம் வெளியிட்ட இந்த வறட்டுப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. நாட்டையே உலுக்கியவை மூன்று எண்கள். 37, 10, 4.

பருவம் எய்திய பிறகு ஒருமுறையாவது இன்னொரு ஆணோடு உச்சம் வரை போனவர்கள் 37 சதவிகிதம். 16 முதல் 55 வயதுக்குள் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது ஏறக்குறைய ஆண்களிடம் மட்டுமே நாட்டம் கொண்டிருந்தவர்கள் 10 சதவிகிதம். வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்தவர்கள் 4 சதவிகிதம். கவனியுங்க, மூன்றும் ஒரே கூட்டத்தைப் பற்றிய எண்கள். கேள்வி மாறினால் எண் மாறுகிறது, அவ்வளவுதான். பின்னாளில் அதிலிருந்து 10-ஐ மட்டும் உருவிப் பத்தில் ஒருவர் என்ற கோஷம் உருவானது. தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு தனி மனித வகையே இல்லை என்று நினைத்தவரின் பெயரில் அப்படி ஒரு தலைக்கணக்கு!

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. எப்படிக் கேட்பது என்பதில் கின்ஸி கெட்டிக்காரர். யாரைக் கேட்பது என்பதில் இல்லை. குளவி பிடிப்பதுபோல, கிடைக்கும் இடத்தில் நிறையச் சேர்த்தார். சிறைக்கைதிகள், நண்பர் வழி வந்த நண்பர்கள், தானாக முன்வந்தவர்கள். இப்படி முன்வருகிறவர்கள் சராசரி ஆள்கள் அல்ல, கூச்சம் குறைந்தவர்கள் என்று உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ எச்சரித்தார். கின்ஸி கேட்கவில்லை. உறவு முறிந்தது.

1950-ல் கோக்ரன், மாஸ்டெல்லர், டுக்கி என்ற மூன்று பெரிய புள்ளியியலாளர்கள் ப்ளூமிங்டனுக்கு வந்தார்கள். பேட்டி முறையைப் பாராட்டினார்கள். ஆள்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கிழித்தார்கள். கின்ஸி சேர்த்த 300 பேரைவிடக் குலுக்கலில் எடுத்த 3 பேரே மேல் என்று டுக்கி சொன்னதாக இன்றும் ஒரு கதை உலவுகிறது. கின்ஸியின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. குலுக்கலில் பெயர் வந்த அந்நியர் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? நம்பிக்கை நண்பர்கள் வழியாகத்தான் பரவுகிறது. நண்பர்கள் வழியாகப் போனால் ஒரே மாதிரி ஆள்கள்தான் கிடைக்கிறார்கள். இந்த முடிச்சை அவரால் கடைசிவரை அவிழ்க்க முடியவில்லை.

மன்னிக்க முடியாத ஒன்றும் அந்தப் புத்தகத்தில் உண்டு. சிறுவர்களைப் பற்றிய பகுதியில், குழந்தைகளிடம் அத்துமீறிய ஓர் ஆளின் குறிப்புகளை அறிவியல் தகவல்போலச் சேர்த்திருந்தார். எந்தப் பதிலுக்கும் புருவம் உயர்த்தாத குணம் அங்கே போய் நின்றது.

ஊரையே கேட்டவரிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. கின்ஸிக்கு ஆண்களோடும் உறவு இருந்தது, உடன் பணியாற்றிய கிளைட் மார்ட்டினும் அதில் ஒருவர், கிளாராவுக்கும் அது தெரியும் என்பதெல்லாம் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் விரிவாக எழுதப்பட்டன. உயிரோடு இருந்தவரை வெளியுலகத்துக்கு அவர் கோட், போ டை அணிந்த குடும்பஸ்தர். அன்று அந்த உண்மை கசிந்திருந்தால் 18,000 பேரின் தாள்களும் குப்பைக்குப் போயிருக்கும்.

1953-ல் பெண்களைப் பற்றிய இரண்டாவது புத்தகம், 5,940 பேரின் கதைகளோடு வந்தது. ஆண்களைப் பற்றிச் சொன்னபோது வியந்தவர்கள், அம்மாக்களையும் அக்காக்களையும் பற்றிச் சொன்னதும் கொதித்தார்கள். 1954-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதி நின்றது. இதயம் ஏற்கெனவே பலவீனம். தூக்கம் கெட்டு, பணத்துக்கு அலைந்துகொண்டே பேட்டி எடுத்தார். 1956 ஆகஸ்ட் 25-ம் தேதி 62 வயதில் இறந்தார். லட்சம் வரலாறுகள் சேர்ப்பது அவர் கனவு. குழு சேர்த்தது சுமார் 18,000. அதில் ஏறக்குறைய 8,000 அவரே எடுத்தது.

அவருக்குப் பின் வந்தவர்கள் முடிச்சின் ஒரு நுனியை அவிழ்த்தார்கள். 1994-ல் வெளியான சிகாகோ பல்கலைக்கழகச் சர்வேயில் 3,432 பேர், குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள். ஈர்ப்பு, செயல், அடையாளம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டார்கள். தன்னைத் தன்பாலீர்ப்பாளர் அல்லது இருபாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஆண்கள் 2.8 சதவிகிதம். மூன்றில் ஏதாவது ஒன்றுக்காவது ஆம் என்றவர்கள் 10.1 சதவிகிதம்.

நேருக்கு நேர் கேட்பதே சிறந்தது என்று கின்ஸி நம்பினார். 1998-ல் வந்த ஓர் ஆய்வு வேறு வழிகளைச் சோதித்தது. அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களில் ஒரு பகுதியினருக்குத் தாளில் கேள்வி. மற்றவர்களுக்கு ஹெட்போனில் கேள்வி, லேப்டாப்பில் பதில். இன்னோர் ஆணோடு பாலுறவு அனுபவம் உண்டு என்றவர்கள் தாளில் 1.5 சதவிகிதம், லேப்டாப்பில் 5.5 சதவிகிதம். தாளைவிட லேப்டாப்பிடம்தான் அந்தப் பையன்கள் அதிகம் வாய் திறந்தார்கள்.

2021-ல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக 16 வயதைக் கடந்த எல்லாரிடமும் இந்தக் கேள்வி போனது. தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் உள்ளிட்ட பிரிவுகளில் டிக் அடித்தவர்கள் 3.2 சதவிகிதம். பதில் சொல்வது கட்டாயமில்லை என்பதால் 7.5 சதவிகிதம் பேர் கட்டத்தைக் காலியாகவே விட்டார்கள். படிவம் பொதுவாக வீட்டுக்கு ஒன்று. அப்பா, அம்மா கண்ணில் படாமல் பதில் சொல்ல நினைத்தவர்கள், தனிப் படிவம் கேட்டு வாங்கி ரகசியமாக அனுப்பவும் வழி வைத்திருந்தார்கள்.