தப்பான ஆள் மேல் குதித்த டி. பூன்

ஜாக்காஸ் பார்த்திருந்தா, டி. பூனோட கிட்டாரை நீங்க ஏற்கனவே கேட்டிருக்கீங்க. அந்த டைட்டில் இசை மினிட்மென் பேண்டின் 'கொரோனா' என்ற பாட்டு. (நம்ம லாக்டவுனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, அது வந்தது 1984-ல்.) அடுத்த வருஷமே பூன் இறந்துவிட்டார். வயசு 27.

பூன் வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் தெற்கு ஓரத்தில், சான் பெட்ரோ என்ற துறைமுகப் பகுதியில். 13 வயசில் பார்க்கில் சண்டை விளையாட்டு விளையாடும்போது, ஃப்ரெண்டுனு நினைச்சு மரத்திலிருந்து ஒரு அறிமுகமில்லாத பையன் மேல் குதித்தார். அந்தப் பையன்தான் மைக் வாட். பூன் விடாம ஜோக் அடிக்க, இவன் பெரிய ஜீனியஸ்னு வாட் அசந்துபோனார். எல்லாம் ஜார்ஜ் கார்லின் ரெக்கார்டிலிருந்து மனப்பாடம் பண்ணினதுனு பிறகுதான் தெரிஞ்சது!

பசங்க தெருவில் சுத்தக்கூடாதுனு பூனோட அம்மாதான் இருவரையும் இசைப் பக்கம் தள்ளினாங்க. மகனுக்கு கிட்டார், வாட்டுக்கு பேஸ். பேஸ்னா என்னனே தெரியாம, வாட் கொஞ்ச காலம் சாதா கிட்டாரில் நாலு கம்பியை மட்டும் வெச்சு ஓட்டினார்.

1980-ல் மினிட்மென் தொடங்கியது. டிரம்ஸில் ஜார்ஜ் ஹர்லி. இங்கே ஒரு விஷயம் கவனிங்க. ராக் பேண்டில் கிட்டார் சத்தம் பேஸை முழுங்கிடும். பூன் தன் ஆம்ப்பில் கனமான ஒலியைக் குறைத்து, ட்ரெபிளை மட்டும் ஏத்தி வைத்தார். நம்ம பாஷையில் சொன்னா, ஃப்ரீக்வென்சியை நண்பனோடு பங்கு போட்டுக்கிட்டார். அவருக்கு அது அரசியல். மேடையில் மூணு பேரும் சமம்.

காசு இல்லாததால் எல்லாமே சிக்கனம். சாமான் தூக்குவதும் அவங்களே, வேன் ஓட்டுவதும் அவங்களே. அந்த நிலைமையிலும் நண்பர்களோடு நியூ அலையன்ஸ்னு சொந்த லேபிள் நடத்தினார்கள். மினியாபொலிஸ் பேண்டான ஹஸ்கர் டூவின் முதல் ஆல்பத்தை 1982-ல் வெளியிட்டது அந்த லேபிள்தான். பிறகு அதே ஹஸ்கர் டூ இரட்டை ஆல்பம் பண்றாங்கனு தெரிஞ்சதும், இவங்களும் விடலை. இன்னும் பாட்டு எழுதி 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' ஆல்பத்தை 45 பாட்டாக நீட்டினார்கள். மொத்தச் செலவு சுமார் 1,100 டாலர்தான். அதில் 'ஹிஸ்டரி லெசன் பார்ட் 2' கேளுங்க. வாட் எழுதி பூன் பாடியது, இவங்க நட்பின் கதையே அதுதான். எனக்கு அந்த ஆல்பத்தில் மிகப் பிடித்ததும் அதுதான்.

1985 டிசம்பரில் ஆர்.இ.எம். பேண்டுடன் டூர் முடித்த கொஞ்ச நாளில், டிசம்பர் 22 அன்று, அரிசோனா பாலைவனத்தில் வேன் கவிழ்ந்தது. காய்ச்சலோடு பின்னாடி சீட் பெல்ட் இல்லாமல் படுத்திருந்த பூன் வெளியே தூக்கி எறியப்பட்டார். கழுத்து முறிந்து இறந்தார்.

வாட் பேஸைத் தொடவே இல்லை. நியூயார்க் போனபோது சோனிக் யூத் நண்பர்கள்தான் வற்புறுத்தி, 'ஈவோல்' ஆல்பத்தில் வாசிக்க வைத்தார்கள். அப்புறம் எட் கிராஃபோர்ட்னு ஒரு ஒஹையோ ரசிகர், புது கிட்டாரிஸ்ட் தேடுறாங்கனு வந்த பொய்ச் செய்தியை நம்பி நேரா சான் பெட்ரோவுக்கே கிளம்பி வந்துட்டார். அவரோடும் ஹர்லியோடும் வாட் 1986-ல் ஃபயர்ஹோஸ் தொடங்கினார். அந்த பேண்டின் ஒவ்வொரு ஆல்பமும் டி. பூனுக்குத்தான் சமர்ப்பணம்.