கேட்டுக் கேட்டே கண்டுபிடித்த டாக்டர்

போன மாதம் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் டெங்கு கணக்கெடுப்புக்குப் போனோம். நோட்டு என் கையில். வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று கேட்பேன். இல்லை என்பார்கள். டிக் போட்டுவிட்டு அடுத்த வீடு. 40 வீட்டிலும் இல்லையாம்! ஆனால் அதே தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல். அறிவியல் சார் நோட்டைப் பார்த்தார். திட்டவில்லை. ஜான் ஸ்னோ என்ற டாக்டரைப் பற்றிப் படித்துவிட்டு வா என்றார்.

ஜான் ஸ்னோ 1813-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். அப்பா கூலித் தொழிலாளி. 14 வயதில் நியூகாசிலில் ஒரு டாக்டரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் காலரா பரவியபோது (நம் தாத்தா பாட்டி வாந்திபேதி என்பார்களே, அதுதான்) வைத்தியம் பார்க்கப் போனார். அப்போது 18 வயதுதான். பிறகு லண்டனில் படித்து, மயக்க மருந்து கொடுப்பதில் பெரிய ஆள் ஆனார். 1853-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. தண்ணீரால்தான் என்று ஸ்னோ 1849-லேயே எழுதியிருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறந்தவர்கள் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். பத்து பேர் மட்டும் வேறு பம்புக்குப் பக்கத்தில். நானாக இருந்தால் அந்தப் பத்தை விட்டிருப்பேன். அவர் அங்கேதான் நின்று கேட்டார். ஐந்து குடும்பம், பிராட் தெருத் தண்ணீர் பிடிக்கும் என்பதால் அங்கிருந்துதான் எடுப்போம் என்றது. மூன்று பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள். நம்மைப் போல.

சாகாதவர்களைப் பற்றியும் விசாரித்தார். அதே தெரு பீர் தொழிற்சாலையில் 70 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பீர்தான் குடிப்பார்கள், பம்புப் பக்கமே போவதில்லை என்றார் முதலாளி. தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைத் தாய் மட்டும் இறந்தது ஏன் என்று புரியவில்லை. மகனிடம் கேட்டபோது, பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் வண்டியில் வரவழைத்துக் குடித்தார் என்று தெரிந்தது.

தமிழில் கேள்வி கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் ஒரே சொல். நான் அதில் பாதிதான் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 7-ந் தேதி ஊர்க் குழுவிடம் சொன்னார். மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் குறைய ஆரம்பித்திருந்தது என்பதை அவரே ஒளிக்காமல் எழுதினார்.

தென் லண்டனில் இன்னொரு சிக்கல். எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டால் குடியிருந்த பலருக்குத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. தண்ணீரை வாங்கி உப்பைச் சோதித்தார். ஒரு கம்பெனித் தண்ணீரில் மற்றதைவிடச் சுமார் 40 மடங்கு உப்பு! அதை வைத்தே கம்பெனியைக் கண்டுபிடித்தார்.

ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் ஸ்னோ சொன்னது தப்பு என்று காட்டத்தான் கிளம்பினார். அந்தத் தெருவில் எல்லாரையும் அவருக்குத் தெரியும். விசாரிக்க விசாரிக்க மனம் மாறியது. பம்புக்கு எதிரே 40-ம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த கைக்குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை, அதன் அம்மா கிணற்றை ஒட்டிய மலக்குழியில் ஊற்றியதை அவர்தான் கண்டுபிடித்தார். எதிர்த்தவரே துணையானார்.

ஸ்னோ 1858-ல் 45 வயதில் இறந்தார். அப்போதும் பலர் காற்று என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போன சனிக்கிழமை அதே தெருவுக்கு மறுபடி போனேன். குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும், எதில் பிடித்து வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய் சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். உள்ளே புழு நெளிந்தது. எட்டு நாளைக்கு ஒருவாட்டிதான் தண்ணி வருது கண்ணு, இதைக் கொட்டிட்டா நான் எங்க போவேன் என்றார். அந்த வீட்டுக்கும் நான் டிக் போட்டிருந்தேன்.