மீனின் பெயருக்குள் ஒரு புதுச்சேரி ஆறு! 200 ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த லெஷெனோ யார்?

மூலக்குளம்! குளத்தையே பேராக வைத்திருக்கும் ஊர். இதேபோல, புதுச்சேரியின் ஆறு ஒன்று ஒரு மீனின் அறிவியல் பெயரில் ஒளிந்திருக்கிறது தெரியுமா? அந்தக் கதை பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ழான் பப்டிஸ்ட் லெஷெனோவிடம் தொடங்குகிறது.

யார் இந்த லெஷெனோ?

1773-ல் பிரான்ஸில் பிறந்தவர். தாவரங்கள்தான் இவரது துறை. 1800-ல் கேப்டன் போதேன் தலைமையில் ஆஸ்திரேலியா கிளம்பிய கப்பல் பயணத்தில் சேர்ந்தார். 1803-ல் உடம்புக்கு முடியாமல் போக, திமோர் தீவில் இறங்கிவிட்டார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. ஜாவா தீவுக்குப் போய், அம்பில் தடவும் உபாஸ் மர விஷத்தை ஆராய்ந்தார். நாடு திரும்பியது 1807-ல்தான்.

புதுச்சேரிக்கு ஏன் வந்தார்?

1816-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடமிருந்து மீண்டும் பிரான்ஸின் கைக்கு வந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு அரசு இவரை இங்கே அனுப்பியது. பயன்தரும் செடிகளைச் சேகரித்து பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு அனுப்புவது முக்கிய வேலை. சேலம், கோவை, வங்காளம், இலங்கை என்று சுற்றினார். 1819-ல் நோய் முற்றியபோது நீலகிரி குளிர்தான் அவரைத் தேற்றியது.

செடியோடு நிற்கவில்லை. வௌவால், பறவை, மீன் என எல்லாமே பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1820-ல் ஒரு பழந்தின்னி வௌவாலுக்கும், 1826-ல் ஓர் உப்புக்கொத்திப் பறவைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. இரண்டுக்கும் ஆவணத்தில் உள்ள ஊர் புதுச்சேரி!

மீன் கதை என்ன?

அவர் அனுப்பிய மீன்கள், விலங்கியல் மேதை குவியேவும் வாலென்சியனும் எழுதிய பிரம்மாண்ட மீன் நூலுக்கு உதவின. அதே நூலில் 1831-ல் குவியே விவரித்த ஒரு குட்டி மீனுக்கு 'குபானஸ்' என்று பேர். எங்கிருந்து வந்த பேரு? அரியாங்குப்பம் ஆறுதான்! பிரெஞ்சுக்காரர்கள் அதை 'அரியான் கூபாங்' என்று எழுதினார்கள்.

விரல் நீளம்தான் இருக்கும். வயல், வாய்க்கால், குட்டைகளில் வாழும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை இழுக்கும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். கொசுப்புழுவையும் தின்னும்!

இது ஏன் முக்கியம்?

ஓர் உயிரினம் முதலில் கிடைத்த இடம் அறிவியலில் நிரந்தரப் பதிவு. நாளை சந்தேகம் வந்தால், ஆய்வாளர்கள் அதே இடத்துக்குத்தான் ஒப்பிடத் தேடி வருவார்கள். குபானஸ் விஷயத்தில் அந்த இடம், அரிக்கமேட்டை ஒட்டி ஓடும், இன்று கழிவுநீரும் குப்பையும் சேரும் அதே ஆறு.

கடைசியில் என்ன ஆனார்?

1822-ல் நாடு திரும்பினார். பிறகு தென் அமெரிக்காவின் கயென் போனார். உடல்நிலை மீண்டும் மோசமானது. 1826 மார்ச் 14-ல் பாரிஸில் இறந்தபோது வயது 52. குவியேவின் மீன் நூல் வெளிவரத் தொடங்கியதே 1828-ல்தான். அதை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை வாய்க்காலில் ஒரு குட்டி மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால், கொஞ்சம் நின்று பாருங்கள். உலகம் முழுக்க நம்ம ஊர் ஆற்றின் பேரைச் சுமக்கும் மீனாக அது இருக்கலாம்!