வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் சமயப்பணி ஆற்றிய இயேசு சபைக் குருவும் தமிழறிஞரும் ஆவார். இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றியவர். தமிழ் எழுத்திலும் அகராதியிலும் இவர் செய்த மாற்றங்கள் படிப்பதையும் தேடுவதையும் எளிதாக்கின.

வாழ்க்கை

1698இல் இயேசு சபையில் சேர்ந்த இவர், 1710இல் கோவாவுக்கு வந்தார். பின்னர் மதுரை மிசனில் இணைந்தார். 1606இல் மதுரை நகரில் இராபர்ட் தெ நோபிலி தொடங்கிய இம்மிசன், நகரைச் சூழ்ந்த சமவெளியைக் கடந்து தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் பரவியிருந்தது. காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி முதலிய ஊர்களில் இவர் பணியாற்றினார்.

எழுத்துச் சீர்திருத்தம்

தொல்காப்பிய முறைப்படி எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும். ஓலைச்சுவடிகளில் இப்புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஆகவே கொடு, கோடு ஆகிய இரு சொற்களும் ஒரே வடிவில் காணப்பட்டன. மொழியறிந்தோர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். புதிதாகக் கற்போர் இடர்ப்பட்டனர்.

வீரமாமுனிவர் குறிலைப் புள்ளியின்றி விட்டு, நெடிலுக்குரிய கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து எழுதும் முறையை வகுத்தார். இதனால் கெ, கே என்பனவும் கொ, கோ என்பனவும் வேறுபட்டன. ஏ, ஓ ஆகியவற்றின் இன்றைய வடிவங்களும் இவருடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. ஏனைய எழுத்துகள் பெரிதும் மாறாததால், பழைய முறையில் பயின்றோரும் புதிய எழுத்தைப் படிக்க இயன்றது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகியபோது இவ்வேறுபாடு நிலைபெற்றது.

சதுரகராதி

நிகண்டுகள் மனப்பாடம் செய்வதற்கேற்பச் செய்யுளில் அமைந்தவை. முதலெழுத்து வரிசையிலான அகராதி நிகண்டு 1594இலேயே தோன்றியிருந்தாலும் அதுவும் செய்யுள் வடிவினதே. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி செய்யுளை விடுத்துச் சொற்களை அகரவரிசையில் தந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்பன இதன் நான்கு பகுதிகள். நூலை மனப்பாடம் செய்யாதவரும் வேண்டிய சொல்லைத் தேடிக்கொள்ள இம்முறை உதவியது.

மதிப்பீடு

1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் சிறப்பு வடிவங்களை மாற்றியது. அம்மாற்றம் உடனே கண்ணில் பட்டது. கற்பதற்கும் அச்சுக் கோப்பதற்கும் உதவியது. எனினும் அவ்வெழுத்துகளின் ஒலியில் முன்னரும் ஐயம் இருந்ததில்லை. வீரமாமுனிவர் சேர்த்ததோ ஒரு சிறு சுழி. அது படிப்பவரின் ஐயத்தையே நீக்கியது. தோற்றம் எவ்வளவு மாறியது என்பதை விட, பயன்படுத்துவோரின் எந்த இடர் நீங்கியது என்பதே இத்தகைய மாற்றங்களுக்கு உரிய அளவுகோல். மென்பொருள் இடைமுகங்களுக்கும் இது பொருந்தும். கணினியில் பயன்படும் ஒருங்குறியில் இவ்விரு கொம்புகளுக்கும் தனித்தனிக் குறியெண்கள் உள்ளன. சொல் தேடலும் அகரவரிசைப்படுத்தலும் இவ்வேறுபாட்டைச் சார்ந்துள்ளன.