செங் ஹே

செங் ஹே (1371 – 1433 அல்லது 1435) சீனாவின் மிங் வம்சக் காலத்தில் வாழ்ந்த கடற்படைத் தலைவரும் அரசத் தூதுவரும் ஆவார். 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்களுக்குத் தலைமை தாங்கினார். இலங்கையின் காலியில் கிடைத்த, தமிழும் இடம்பெற்ற மும்மொழிக் கல்வெட்டு இவரது பயணங்களோடு தொடர்புடையது.

இளமை

இவர் தென்மேற்குச் சீனாவிலுள்ள யுன்னான் மாகாணத்தில் ஓர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் மா ஹே. தந்தையும் பாட்டனாரும் ஹாஜி எனச் சிறப்புப்பெயர் பெற்றிருந்தனர். 1381இல் மிங் படை யுன்னானைத் தாக்கியபோது தந்தை இறந்தார். சிறுவனாக இருந்த மா ஹே சிறைபிடிக்கப்பட்டு விதையடிக்கப்பட்டார். பின்னர் இளவரசர் சூ டியின் பணியில் சேர்க்கப்பட்டார். 1399 – 1402 உள்நாட்டுப் போரில் இளவரசருக்குத் துணைநின்றார். சூ டி வெற்றிபெற்று யொங்லே பேரரசரான பின், 1404இல் இவருக்குச் செங் என்னும் குடும்பப்பெயரை வழங்கினார்.

கடற்பயணங்கள்

1405இல் புறப்பட்ட முதல் பயணத்தில் ஏறத்தாழ 27,800 பேர் சென்றனர். கப்பல்களின் அளவு குறித்து மிங் வரலாறு தரும் செய்தியை ஆய்வாளர் பலர் மிகையெனக் கருதுகின்றனர். திரும்பும் வழியில் பலெம்பாங்கில் கடற்கொள்ளைத் தலைவன் சென் சூயி பிடிக்கப்பட்டான்.

தொடர்ந்த பயணங்களில் சாவகம், மலாக்கா, இலங்கை, கொல்லம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய இடங்களுக்கும், பிற்காலத்தில் ஓர்முசு, ஏடன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை ஆகியவற்றுக்கும் கப்பல்கள் சென்றன. தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்து விளங்கிய காயல் துறைமுகமும் மிங் வரலாற்றின் பட்டியலில் உள்ளது. பட்டும் பீங்கானும் கொடுத்து, மிளகும் மணப்பொருள்களும் பெறப்பட்டன. உடன்சென்ற மா ஹுவான் எழுதிய பயணநூல் கொச்சி, கோழிக்கோடு மக்களின் வாழ்க்கையை விரிவாகக் கூறுகிறது.

காலி மும்மொழிக் கல்வெட்டு

இக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனாவில் பொறிக்கப்பட்டு, மூன்றாம் பயணத்தின்போது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. எனினும் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அன்று. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவந்துறையில் கோயில்கொண்ட தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. சீன, தமிழ்ப் பகுதிகளில் 1,000 பொன், 5,000 வெள்ளி, 100 பட்டுச்சுருள் முதலிய காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவில் கூறப்பட்டுள்ளன. சிங்களம் இடம்பெறவில்லை. அக்கால இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த நிலையை இது காட்டுவதாகக் கருதப்படுகிறது.

1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் இது கண்டெடுக்கப்பட்டது. தற்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. காணிக்கை பெற்ற தேவந்துறைக் கோயில் 1588இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது.

இலங்கைப் போர்

காணிக்கை வந்த அதே மூன்றாம் பயணத்தில் போரும் நடந்தது. இலங்கையில் ஆதிக்கம் பெற்றிருந்த அழகக்கோனாருக்கும் சீனருக்கும் பகை மூண்டது. சீனக் குறிப்புகளின்படி, அவரது படை கப்பல்களைத் தாக்கச் சென்றபோது, செங் ஹே ஏறத்தாழ 2,000 வீரருடன் காவல் குறைந்த தலைநகரைக் கைப்பற்றினார். அழகக்கோனார் 1411இல் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பேரரசர் அவரை மன்னித்து விடுவித்தார். எனவே இப்பயணங்களை வெறும் நல்லெண்ணத் தூதாகக் கொள்வது பொருந்தாது என்பர் சில ஆய்வாளர்கள்.

சமயம்

இசுலாமியராகப் பிறந்த செங் ஹே, பௌத்த நூல் அச்சிடவும் பொருளுதவி செய்தார். 1431இல் கடல்காக்கும் தெய்வமான தியான்பெய்க்கு நன்றிகூறும் கல்வெட்டையும் நாட்டினார்.

இறுதிக்காலம்

யொங்லே பேரரசர் 1424இல் இறந்தபின் பயணங்கள் நிறுத்தப்பட்டன. செங் ஹே நாஞ்சிங் நகரின் காவல் பொறுப்பை ஏற்றார். 1431இல் ஏழாம் பயணத்துக்குத் தலைமையேற்றார். அப்பயணத்தின்போது 1433இல் கோழிக்கோட்டில் இறந்தார் என்றும், 1435இல் நாஞ்சிங்கில் இறந்தார் என்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. நாஞ்சிங் அருகே இவருக்கு நினைவுக் கல்லறை உள்ளது.

இவருக்குப்பின் மிங் அரசு இத்தகைய பெரும் பயணங்களை மேற்கொள்ளவில்லை. முதல் பயணத்தின் 600ஆம் ஆண்டையொட்டி, 2005 முதல் சூலை 11 சீனாவில் கடல்சார் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.