மிதிலை தந்த ஓவியர் கங்கா தேவி

விடியலில் வாசலில் இடப்படும் கோலம் நண்பகலுக்குள் கால்பட்டு மறைவதைப் பேகம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் நாம் காண்கிறோம். மறைந்துபோவது என்பதாலேயே அதனைக் கலையென்று போற்ற மறந்துவிடுகிறோம். இவ்வாறு மறைந்துபோகும் பெண்டிர் கலையொன்றை உலகறியச் செய்தவர் கங்கா தேவி.

பீகாரின் வடபால் உள்ளது மிதிலை. அங்கே திருமண வீட்டில் மணமக்கள் தங்கும் அறைச்சுவரில் தாமரையும் மூங்கிலும் தீட்டி வாழ்த்துவது மகளிர் மரபு. 1928ஆம் ஆண்டு பிறந்த கங்கா தேவி இம்மரபிலேயே வளர்ந்தார். ஆயினும், மணவறை ஓவியம் வாழ்த்தும் இன்பம் அவருக்கு வாய்க்கவில்லை. கணவர் மற்றொருத்தியை மணந்தார். வறுமையும் தனிமையுமே எஞ்சின.

1966-67இல் பீகாரை வறட்சி வாட்டியது. வருவாய்க்கு வழிகாட்ட எண்ணிய அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம், அப்பெண்களைத் தாளில் வரையத் தூண்டியது. சுவரில் பிறந்த கலை தாளுக்குப் பெயர்ந்தது. கங்கா தேவி பேனா முனையால் இழையிழையாகக் கோடிழுக்கும் 'கச்னி' முறையில் தனித்திறம் பெற்றார்; 1984இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பழையதைப் படியெடுப்பதோடு அவர் நின்றாரல்லர். ஒரு பெண்ணின் வாழ்வைப் பிறப்பிலிருந்தே தொடங்கி 'மானவ ஜீவன்' என வரைந்தார். அமெரிக்கா சென்றபோது கண்ட கேளிக்கை இரயிலையும், பின்னாளில் புற்றுநோயுற்று மருத்துவமனையில் கழித்த நாள்களையும் அதே நுண்கோடுகளால் தீட்டினார். அமெரிக்கப் பழங்குடியான புவெப்லோ மக்களிடையே தோன்றி 1949இல் மறைந்த தோனிதா பெஞ்ஞாவும் இத்தகையவரே. தம் ஊராரின் சடங்கு நடனங்களைத் தாளில் நிலைநிறுத்தியவர் அவர். கடல்கள் இடையிட்டாலும் இருவர் பணியும் ஒன்றே.

நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த காலத்திலேயே, தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் மணவறை ஓவியத்தைக் கங்கா தேவி வரைந்தார். 1991இல் அவர் மறைந்தார். 2015இல் புதுப்பிப்புப் பணியின்போது அவ்வோவியம் அழிக்கப்பட்டது.

சிற்றூர்ச் சுவரில் ஓவியம் அழிந்தால் அடுத்த திருமணத்திற்கு மற்றொரு கை அதனை வரையும்; அஃது அம்மரபின் இயல்பு. காப்பதற்கென்றே அமைந்த இடத்தில் அழிந்ததை மீட்டுத்தர எக்கையும் இல்லை. கலைஞருக்கு விருதளிப்பது எளிது. அவர் படைப்பின் அருமையறிந்து காப்பதே அரிது. அவ்வறிவைப் பெறுதலே நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாகும்.